டோலமைட் உருவாக்கம்: அவ்வளவு மெக்னீசியம் எந்தத் தண்ணீரில் வந்தது?

கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழங்காலக் கடற்படுகைகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்கு டோலமைட் கிடக்கிறது, இன்றைய கடலடியிலோ தேடினாலும் அகப்படுவதில்லை. அப்படியானால் அது நேராகக் கடலில் படிந்ததா, சுண்ணாம்புக்கல்லாகப் படிந்து பிறகு மாறியதா? மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் உருவாகிறது என்று பாடப்புத்தகம் சொல்வது சரியா? உங்களிடம் ஆழ்துளையிலிருந்து எடுத்த ஓர் உருளைக் கல் இருக்கிறது. சாம்பல் நிறம், சர்க்கரைப் பரல் போன்ற மணிகள், பொந்துகளுக்குள் முகம் வளைந்த வெள்ளைப் படிகங்கள். அது எந்த வகையில் சேரும்? மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். அவ்வளவு மெக்னீசியத்தை அந்தக் கல்லுக்குள் கொண்டுவந்து சேர்த்த தண்ணீர் எது, அதைத் தள்ளியது எது, எத்தனை காலம் ஓடியது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக வந்து சேரும். அதனால் அந்த வரிசையிலேயே போகிறேன்.

முதலில் சந்தேகமில்லாதவை. டோலமைட் என்ற பெயர் கனிமத்துக்கும் உண்டு, அந்தக் கனிமம் பெரும்பகுதியாக உள்ள பாறைக்கும் உண்டு. கனிமத்தில் கால்சியமும் மெக்னீசியமும் சம மோல் அளவில் கார்பனேட்டோடு சேர்ந்திருக்கும். தூய நிலையில் எடைக்கணக்கில் கால்சியம் ஆக்சைடு 30.4, மெக்னீசியம் ஆக்சைடு 21.9, கார்பன் டை ஆக்சைடு 47.7 விழுக்காடு. ஆனால் விகிதம் சரியாக இருந்தால் மட்டும் அது டோலமைட் ஆகிவிடாது. ஓர் அடுக்கு முழுக்கக் கால்சியம், அடுத்து கார்பனேட், அதற்கடுத்த அடுக்கு முழுக்க மெக்னீசியம், மறுபடி கார்பனேட் என்று மாறி மாறி வர வேண்டும். இந்த ஒழுங்குதான் டோலமைட்டின் உயிர். அதை அமைப்பதுதான் இயற்கைக்குச் சிரமம் என்பதைப் பின்னால் பார்ப்போம். பிரெஞ்சு நிலவியலாளர் தொலோமியு 1791-இல் ஆல்ப்ஸ் மலையில் அமிலம் பட்டும் மெதுவாகவே பொங்கும் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் இருப்பதாக எழுதினார். மறு ஆண்டு அதைப் பகுத்துப் பார்த்த சுவிஸ் வேதியியலாளர் சொசூர் அவர் பெயரையே அதற்கு வைத்தார். கனிமத்தின் பெயர் பிறகு இத்தாலியின் டோலமைட்ஸ் மலைத்தொடருக்கும் போனது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரின் உயரமான சிகரமான மார்மொலாடா பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்தான்.

அடுத்தது, தடித்த டோலமைட் பாறைகளில் மிகப் பெரும்பான்மை பிறகு மாறியவைதான். இதற்குச் சான்று பாறைக்குள்ளேயே இருக்கிறது. சிப்பி, பவளம், கடல்லில்லி போன்றவை தங்கள் கூட்டைக் கால்சைட்டாலோ அரகோனைட்டாலோ கட்டிக்கொள்பவை. இரண்டுமே கால்சியம் கார்பனேட்டின் வடிவங்கள். டோலமைட்டால் ஓடு கட்டும் பெரிய உயிரினம் கிடையாது. ஆனாலும் டோலமைட் பாறையில் சிப்பியின் வரிவடிவம் நிழலாகத் தெரிகிறது, அந்த ஓட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்சதுரப் படிகங்கள் நிற்கின்றன. ஓடு முதலில் இருந்தது, படிகம் பிறகு வந்தது என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேண்டியதில்லை. நேராகப் படிந்த டோலமைட் இல்லவே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. தென் ஆஸ்திரேலியாவில் மிகப் பழைய கிரையோஜீனியன் காலத்துத் திட்டுகளில் இழை இழையாக வளர்ந்த டோலமைட் பற்று, அதாவது இடைவெளிகளில் படிந்து ஒட்டிய படிகம், இருக்கிறது. அதன் நுண்ணமைப்பு சிதையாமல் இருப்பதால், அக்காலக் கடல்நீரிலிருந்தே நேராகப் படிந்தது என்று வாதிடுகிறார்கள். வாதம் வலுவானதுதான். ஆனால் அதை வைத்துப் பிற்காலப் படுகைகளுக்கு விதி எழுத முடியாது.

இப்போது கணக்கு. டோலமைட் பற்றிப் பேசுகிற யாரும் முதலில் போட வேண்டிய கணக்கு இது, பலர் போடுவதில்லை. ஒரு கன மீட்டர் சுண்ணாம்புப் படிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 40 விழுக்காடு நுண்துளை, மீதி 0.6 கன மீட்டர் கால்சைட். அடர்த்தி 2.71 என்றால் எடை ஏறத்தாழ 1,626 கிலோ, அதாவது சுமார் 16,250 மோல். அதில் பாதிக் கால்சியத்தை வெளியேற்றி மெக்னீசியத்தை உட்கார வைக்க 8,100 மோலுக்குச் சற்று மேல், எடையில் 197 கிலோ மெக்னீசியம் வேண்டும். ஒரு கன மீட்டர் கடல்நீரில் இருப்பது 1.3 கிலோ. ஒரு துளி மெக்னீசியம்கூட வீணாகாமல் கல்லுக்குள் போனாலும் 150 கன மீட்டர் கடல்நீர் தேவை. உண்மையில் அப்படிப் போவதில்லை. வினை நடக்க நடக்க நீரில் கால்சியம் ஏறும், மெக்னீசியம் இறங்கும், ஒரு கட்டத்தில் அந்த நீருக்குக் கல்லை மாற்றும் வலு தீர்ந்துபோகும். நிலவியலாளர் லிண்டன் லாண்ட் 1980-களில் போட்ட கணக்கில், சாதாரணக் கடல்நீரானால் 650 கன மீட்டர் வேண்டும் என்று வந்தது. அந்தப் படிவின் சொந்தத் துளைகளுக்குள் சிக்கியிருக்கும் கடல்நீர் 0.4 கன மீட்டர்தான். அது தேவையில் 0.3 விழுக்காட்டைக்கூட எட்டாது. படிவிலேயே மெக்னீசியம் கலந்த கால்சைட் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். எல்லா மணியிலும் 15 மோல் விழுக்காடு மெக்னீசியம் கார்பனேட் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து பாறையின் 30 விழுக்காட்டுக்கு மேல் டோலமைட் ஆக முடியாது.

ஆக, தண்ணீர் ஓடியாக வேண்டும், நின்றால் ஆகாது. 100 மீட்டர் தடிமனுள்ள அடுக்கை மேலிருந்து கீழாக ஊறும் கடல்நீர் மாற்ற வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் வழியாகவும் 65,000 கன மீட்டர் நீர் கடக்க வேண்டும். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஊறினால் இதற்கு 6,50,000 ஆண்டு, 1 சென்டிமீட்டர் என்றால் 65 லட்சம் ஆண்டு. இது தோராயமான மதிப்பீடுதான். ஓட்டம் பக்கவாட்டில் நடந்தாலோ, பிளவுகள் வழியாகப் பாய்ந்தாலோ எண் மாறும். ஆனால் இதன் அளவை மனதில் வைத்திருந்தால், எந்த விளக்கத்தைக் கேட்டாலும் அதன் பம்பு எங்கே, குழாய் எங்கே என்று கேட்கத் தோன்றும்.

பம்புகளில் ஆதாரம் அதிகமுள்ளது அடர் உப்புநீர் கீழிறங்கும் முறை. அகலமான ஆழமற்ற திட்டு, அதன் வாயில் ஒரு பவள அரணோ மணல்மேடோ, உள்ளே காயல், வறண்ட வெப்பம். கடல்நீர் உள்ளே வந்துகொண்டே ஆவியாகிறது. உப்பளத்தில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவில் ஜிப்சம் படியும், பத்து மடங்கைத் தாண்டியதும் சோற்றுப்பு. ஜிப்சம் படியும்போது கால்சியத்தை எடுத்துக்கொண்டு போவதால், கடல்நீரில் 5-க்குச் சற்று மேலுள்ள மெக்னீசியம், கால்சியம் மோல் விகிதம் இந்த நீரில் 10-ஐத் தாண்டிவிடுகிறது. நீரும் கனக்கிறது. கனத்த நீர் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, லேசான பழைய நீரைத் தள்ளிக்கொண்டு கடல் பக்கமாக நகர்கிறது. நான்கு மடங்கு செறிவுள்ள நீரானால் தேவை 650-இல் நான்கில் ஒன்றுக்கும் கீழே போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகைக்காக 1960-இல் ஆடம்ஸும் ரோட்ஸும் இந்த விளக்கத்தை எழுதினார்கள். மேலே ஜிப்சம் அல்லது அன்ஹைட்ரைட் (நீர் நீங்கிய ஜிப்சம்) அடுக்கு, அதற்குக் கீழே டோலமைட், ஆழம் போகப் போக, கடல் பக்கம் போகப் போகச் சுண்ணாம்புக்கல் என்ற அமைப்பைக் கண்டால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது சப்கா, அதாவது வறண்ட கடற்கரையின் உப்புச் சமவெளி. அபுதாபி கடற்கரையின் உப்புச் சமவெளியில் இன்றும் டோலமைட் உருவாகிறது என்பது உண்மை. பகாமாவின் ஆண்ட்ரோஸ் தீவு ஓதச் சமவெளியிலும், தென் ஆஸ்திரேலியாவின் கூரோங் ஏரிகளிலும் அப்படியே. ஆனால் இவை எல்லாம் மேலோட்டமான மெல்லிய படலம் அல்லது ஓரிரு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கும் நுண்மணிகள். பல நூறு மீட்டர் பாறைக்கு இதை நேரடியாக மாதிரி காட்டுவது, வாய்க்காலைக் காட்டி ஆற்றை விளக்குவது போலத்தான். சப்கா விதை போட்டிருக்கலாம், பயிரை வளர்த்தது பெரும்பாலும் அதற்குக் கீழே ஓடிய வேறு நீர்.

அப்படியானால் இன்றைய திறந்த கடலில் ஏன் படிவதில்லை? வெப்ப இயக்கவியல்படி கடல்நீர் டோலமைட்டுக்குப் பல மடங்கு மீதெவிட்டியது, அதாவது கரைந்து நிற்கக்கூடிய அளவைவிட அதிகமாக அதன் அயனிகள் நீரில் இருக்கின்றன. படிய வேண்டும், படிவதில்லை. தடை வினைவேகத்தில் இருக்கிறது. ஒன்று, மெக்னீசியம் அயனி தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை உதறிவிட்டுப் படிகத்தில் உட்காருவது குளிர்ந்த நீரில் கடினம். இரண்டு, கார்பனேட் அயனி கடல்நீரில் மிகக் குறைவு. மூன்று, முன்பு சொன்ன அடுக்கு ஒழுங்கு. வளரும் முகத்தில் கால்சியமும் மெக்னீசியமும் கண்டபடி ஒட்டிக்கொள்கின்றன, ஒழுங்கற்ற அந்தத் தளத்தின் மேல் அடுத்த அடுக்கு ஏற மறுக்கிறது. 1998-இல் லாண்ட் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். ஆயிரம் மடங்கு மீதெவிட்டிய நீர்த்த கரைசலை 25 டிகிரி செல்சியஸில் 32 ஆண்டு வைத்திருந்தும் டோலமைட் படியவில்லை. அதே வினை 200 டிகிரிக்கு மேல் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ முடிந்துவிடுகிறது. இந்தச் சூட்டுச் சோதனைகள் இன்னும் இரண்டைக் காட்டின. அரகோனைட் கால்சைட்டைவிட வேகமாக மாறுகிறது. வினை தொடங்கும் முன் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும் ஒரு காத்திருப்புக் காலம் இருக்கிறது, தொடங்கிவிட்டால் விறுவிறுவென்று ஓடுகிறது. குறைந்த வெப்பத்தில் இந்தக் காத்திருப்பு எத்தனை நீளம் என்பதே பெரிய கேள்வி.

இந்த மூன்றாவது தடையைப் பற்றி 2023-இல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. அதைச் சேர்ந்து செய்த மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரைசல் மீதெவிட்டியும் தெவிட்டாமலும் மாறி மாறி இருந்தால், ஒழுங்கற்று ஒட்டிய அயனிகள் முதலில் கரைந்துபோகும், ஒழுங்கானவை தங்கும், இப்படிச் சுற்றுச் சுற்றாக வளர்ச்சி சுமார் 1 கோடி மடங்கு வேகமாகும் என்று கணிப்பொறிக் கணக்கில் காட்டினார்கள். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கற்றையைத் துடிப்பாகச் செலுத்தி, 80 டிகிரி வெப்பத்தில், இரண்டு மணி நேரத்தில் 4,000 முறை கரைத்துக் கரைத்து வளர்த்தார்கள். சுமார் 100 நானோமீட்டர், ஏறத்தாழ 300 அடுக்கு டோலமைட் வளர்ந்தது. இது படிக வளர்ச்சியைப் பற்றிய உறுதியான செய்தி. ஓதம் ஏறி இறங்கும், மழையும் வெயிலும் மாறி வரும் கரையோரங்களில் இன்றைய டோலமைட் ஏன் தென்படுகிறது என்பதற்கும் இது பொருந்துகிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்த பாறையில் அப்படி ஏறி இறங்கியது எது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. டோலமைட் புதிர் தீர்ந்துவிட்டது என்ற செய்தித் தலைப்புகளை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். படிகம் எப்படி வளர்கிறது என்பதற்கு அது பதில், 197 கிலோ மெக்னீசியம் எப்படி வந்தது என்பதற்கு அல்ல.

நுண்ணுயிர்களைப் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். 1995-இல் வாஸ்கன்செலோஸ், மெக்கன்சி குழு பிரேசிலின் லாகோவா வெர்மெல்யா காயலின் சேற்றிலிருந்து சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாவை வளர்த்து, குறைந்த வெப்பத்தில் டோலமைட் கிடைத்ததாக அறிவித்தது. அதற்குப் பிறகு இதுபோல் பல ஆய்வுகள் வந்தன. பாக்டீரியா சல்பேட்டைத் தின்று காரத்தன்மையைக் கூட்டுகிறது, செல்சுவரின் கார்பாக்சில் தொகுதிகள் மெக்னீசியத்திடமிருந்து நீரைப் பிடுங்க உதவுகின்றன என்பதெல்லாம் ஏற்கத்தக்கவை. சிக்கல் விளைபொருளில் இருக்கிறது. மறுபரிசீலனை செய்தபோது, ஆய்வகத்தில் கிடைத்த பலவற்றில் அடுக்கு ஒழுங்கைக் காட்டும் எக்ஸ் கதிர் உச்சங்களே இல்லை. அவை மெக்னீசியம் மிகுந்த கால்சைட்டாகத்தான் இருந்தன. அவை காலப்போக்கில் ஒழுங்கான டோலமைட்டாக மாறியிருக்கும் என்று கருத இடமுண்டு, நிரூபணம் ஆனதாகச் சொல்ல முடியாது. சல்பேட் இருந்தாலே டோலமைட் தடைபடும் என்ற பழைய கருத்தும் அப்படியே நிற்கவில்லை. 200 டிகிரிச் சோதனையில் அது உண்மை, ஆனால் சல்பேட் நிறைந்த சப்கா நீரில்தானே இன்றைய டோலமைட் இருக்கிறது.

இனி உங்கள் பாடப்புத்தக விளக்கம். நன்னீரும் கடல்நீரும் கலக்கும்போது, கடல்நீர் 5 முதல் 30 விழுக்காடு வரை உள்ள கலவை கால்சைட்டுக்குத் தெவிட்டாததாகவும் டோலமைட்டுக்கு மீதெவிட்டியதாகவும் இருக்கும் என்று 1973-இல் படியோசமானி கணக்கிட்டார். கால்சைட் கரையும், அந்த இடத்தில் டோலமைட் வளரும் என்பது வாதம். காகிதத்தில் அழகான கணக்கு, அதனால்தான் அத்தனை புத்தகங்களில் ஏறியது. ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது. முதலாவது, ஒழுங்கு குறைந்த டோலமைட்டின் கரைதிறனை வைத்துக் கணக்கிட்டால் அந்த 5–30 சாளரம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஹார்டி 1987-இல் இதைச் சுட்டிக்காட்டினார். இரண்டாவது, நன்னீர் கலந்தால் மெக்னீசியம் நீர்த்துப்போகிறது. பத்தில் ஒரு பங்கு கடல்நீர் என்றால் நமது 650 கன மீட்டர் 6,500 ஆகும். மூன்றாவது, இன்றைய கலப்பு மண்டலங்களான புளோரிடாவிலும் யுகட்டானிலும் போய்ப் பார்த்தால் சுண்ணாம்புக்கல் கரைந்த குகைகள் ஏராளம், டோலமைட் சொற்பம். இந்த விளக்கம் முதலில் எழுந்த விஸ்கான்சின் ஆர்டோவிசியன் பாறைகளையே பிற்கால ஆய்வு சூடான உப்புநீரின் வேலை என்று மாற்றிச் சொல்கிறது. என் முடிவு இது. கலப்பு மண்டலம் சிறிய அளவில் டோலமைட் பற்று தரக்கூடும், படுகை அளவுப் பாறைக்கு அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். தேர்வில் கேட்டால் எழுதலாம், கூடவே இந்த மறுப்பையும் எழுதுங்கள்.

புதையுண்ட பிறகு மாறும் விளக்கத்துக்கு வெப்பம் சாதகம், தண்ணீர் பாதகம். ஆழத்தில் 60, 100 டிகிரியில் வினைவேகத் தடை பெருமளவு தளர்ந்துவிடும். ஆனால் களிப்பாறை அழுந்தும்போது பிழியப்படும் நீர் ஒரே தடவைதான் வரும், திரும்பத் திரும்ப வராது. களிக் கனிமங்கள் மாறும்போது கொஞ்சம் மெக்னீசியம் வெளிவரும், அது பாறையின் விளிம்புகளையும் குறுகிய வழித்தடங்களையும் மாற்றப் போதும். அகன்ற மேடை முழுவதையும் மாற்றப் போதாது. பிளவுப் பெயர்ச்சி வழியே அடியிலிருந்து ஏறும் வெப்பநீர் வேறு கதை. மிச்சிகன் படுகையின் ஆல்பியன்-ஸ்கிப்பியோ எண்ணெய் வயலில், சுற்றிலும் சுண்ணாம்புக்கல் இருக்க, பிளவை ஒட்டிய நீண்ட ஒடுங்கிய பட்டையில் மட்டும் டோலமைட் நிற்கிறது. வரைபடத்தில் பார்த்தாலே குழாய் எங்கே போனது என்று தெரியும். மேற்குக் கனடாவின் பைன் பாயின்டில் ஈய, துத்தநாகத் தாதுவும் டோலமைட்டும் ஒரே பொந்துகளைப் பகிர்ந்துகொள்வதும் இந்த வகையில் சேரும்.

சாதாரணக் கடல்நீரே போதும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு, அவை போதிய கவனம் பெறுவதில்லை என்பது என் எண்ணம். பசிபிக்கின் எனிவெட்டாக் பவளத்தீவில் 1,200 மீட்டருக்கும் கீழே இயோசீன் அடுக்குகளில் டோலமைட் இருக்கிறது. அந்த ஆழத்துக் குளிர்ந்த கடல்நீர் கால்சைட்டுக்குத் தெவிட்டாதது, டோலமைட்டுக்கு இன்னும் மீதெவிட்டியது. தீவின் உட்பகுதி சூடு, வெளிக்கடல் குளிர்ச்சி, இந்த வேறுபாட்டால் கடல்நீர் பக்கவாட்டில் நுழைந்து மேலெழுந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓய்வில்லாத பம்பு, தீராத மெக்னீசியம், கோடிக்கணக்கான ஆண்டு. பழைய பாறைகளில் டோலமைட் அதிகம், இளையவற்றில் குறைவு என்ற பொதுப்போக்கில் ஒரு பங்கை இதுவே விளக்கும். பழைய பாறைக்கு நீர் ஓட அதிகக் காலம் கிடைத்தது. கடல்மட்டம் உயர்ந்து கண்டங்களை மூடிய காலங்களில் அகன்ற ஆழமற்ற திட்டுகள் இருந்ததும் ஒரு காரணம். அக்காலக் கடல்நீரின் வேதியியல் எவ்வளவு பங்கு வகித்தது என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. கிரெட்டேசியஸ் கடலில் மெக்னீசியம், கால்சியம் விகிதம் இன்றையதைவிட மிகக் குறைவு என்று உப்புப் படிகங்களில் சிறைப்பட்ட நீர்த்துளிகள் காட்டுகின்றன. ஆகவே அந்த விகிதம் ஒன்றையே காரணமாக்க முடியாது.

ஒரு கிளைச்செய்தி. டோலமைட் ஆனால் நுண்துளை 13 விழுக்காடு கூடும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். இரண்டு மோல் கால்சைட்டின் கனஅளவு 73.9 கன சென்டிமீட்டர், ஒரு மோல் டோலமைட் 64.3. குறைவது 13 விழுக்காடு, கணக்கு சரிதான். ஆனால் வெளியிலிருந்து கார்பனேட் துளியும் வரவில்லை என்றால் மட்டுமே இது பொருந்தும். நீரோடு கார்பனேட்டும் வந்தால் ஒரு மோல் கால்சைட்டின் 36.9, 64.3 ஆக வீங்கும், துளை அடைபடும். அரகோனைட்டிலிருந்து தொடங்கினால் குறைவது 6 விழுக்காட்டுக்கும் கீழேதான். உப்புநீர் நுழையும் வாயில் அருகே டோலமைட் மேலும் மேலும் படிந்து துளைகளை அடைப்பதும், தொலைவில் துளை நன்றாக இருப்பதும் வழக்கம். டோலமைட்டில் துளை நன்றாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், மாறாமல் எஞ்சிய கால்சைட் பிறகு கரைந்துபோனதும், டோலமைட் அழுத்தத்துக்கு எளிதில் மசியாததும்தான்.

உங்கள் கல்லுக்கு வருகிறேன். எழுதியிருக்கும் வருணனையை வைத்து மட்டும் வகை சொல்ல முடியாது, ஆனால் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லலாம். முதலில் அமிலம். 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக், குளிர்ந்த நிலையில். கால்சைட் உடனே சீறும். டோலமைட் முழுக்கல்லில் ஏறக்குறைய சும்மா இருக்கும், கத்தியால் சுரண்டிய தூளில் மெல்லப் பொங்கும். ஏமாறும் இடங்கள் மூன்று. அமிலம் சூடாகவோ அடர்த்தியாகவோ இருந்தால் டோலமைட்டும் சீறும். மணி மிக நுண்மையாக இருந்தாலும் சீறும். கண்ணுக்குத் தெரியாத கால்சைட் நரம்பு ஓடினால் பாறையே சுண்ணாம்புக்கல் என்று தோன்றும்.

அடுத்து சாயம். 30 மைக்ரானுக்குத் தேய்த்த பாறைச் சீவலைக் கண்ணாடி மூடாமல் எடுங்கள். 1.5 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10–15 வினாடி அரித்துக் கழுவுங்கள். அதே 1.5 விழுக்காடு அமிலத்தில் 100 மில்லிக்கு 0.2 கிராம் அலிசரின் ரெட் எஸ் ஒரு கரைசல், 100 மில்லிக்கு 2 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு இன்னொன்று. இரண்டையும் 3:2 விகிதத்தில் அப்போதைக்கப்போது கலந்து 30–45 வினாடி வையுங்கள். கால்சைட் இளஞ்சிவப்பிலிருந்து சிவப்பு, இரும்புள்ள கால்சைட் ஊதா, டோலமைட் நிறமற்றது, இரும்புள்ள டோலமைட் பச்சை கலந்த நீலம். பழைய கரைசல் பொய் நிறம் காட்டும். ஃபெரிசயனைடை அடர் அமிலத்தோடு சூடாக்கவே கூடாது, ஹைட்ரஜன் சயனைடு நச்சுவாயு வரும்.

சாயம் ஏற்றிய சீவலில் படிக முகங்களைப் பாருங்கள். நேரான முகங்களோடு சாய்சதுரமாக நிற்பவை பொதுவாகக் குறைந்த வெப்பத்தில் வளர்ந்தவை. எல்லை வளைந்து நெளிந்து ஒன்றோடொன்று பிணைந்தவை ஏறத்தாழ 50–60 டிகிரிக்கு மேல் வளர்ந்தவையாகவோ மறுபடிகமானவையாகவோ இருக்கும். பொந்திலுள்ள வளைமுகப் படிகம், நுண்ணோக்கியில் குறுக்கு முனைவாக்கிகளுக்கு இடையே சீவலைச் சுழற்றும்போது இருள் அலையலையாக நகர்ந்தால், சேணவடிவ டோலமைட். அது பொதுவாக 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைக் குறிக்கும். இதைக் கண்டதும் வெப்பநீர் டோலமைட் என்று முடிவு கட்டுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. வெப்பநீர் என்று சொல்ல, நீர் அப்போதைய சுற்றுப்பாறையைவிடக் குறைந்தது 5–10 டிகிரியாவது சூடாக இருந்திருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 25–30 டிகிரி ஏறும் படுகையில் மூன்று கிலோமீட்டர் புதைந்தாலே, தரைமட்ட வெப்பத்தையும் சேர்த்து, 100 டிகிரி அளவுக்கு வந்துவிடும். ஆகவே படுகையின் புதைவு வரலாறு தெரியாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம்.

எக்ஸ் கதிர்ப் பகுப்பில் தாமிரக் குழாய் என்றால் கால்சைட்டின் பெரிய உச்சம் 29.4 டிகிரி, டோலமைட்டுடையது 31-ஐ ஒட்டி. அதோடு நிறுத்தாமல் 22, 35.3, 43.8 டிகிரி அருகே அடுக்கு ஒழுங்கைக் காட்டும் உச்சங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை டோலமைட் என்று அழைக்கக் கூடாது. ஆக்சிஜன் ஐசோடோப்புக்கு, அதாவது கனமான ஆக்சிஜன்-18க்கும் லேசான ஆக்சிஜன்-16க்கும் உள்ள விகிதத்துக்குப் போகும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒரே நீரிலிருந்து ஒரே வெப்பத்தில் உருவானாலும் டோலமைட் கால்சைட்டைவிட ஆயிரத்துக்கு 2 முதல் 4 பங்கு கனமாக இருக்கும், ஆகவே இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடாதீர்கள். டோலமைட் பிற்பாடு சூட்டில் மறுபடிகமாகும்போது ஆக்சிஜன் எண் மாறிவிடும், கார்பன் எண் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். லேசான ஆக்சிஜன் எண் கடைசியாகக் கண்ட சூட்டைச் சொல்லலாம், பிறந்த சூட்டை அல்ல.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று செய்யுங்கள். கல்லை மொத்தமாக இடித்துத் தூளாக்கி அனுப்பாதீர்கள். பல் மருத்துவத் துளைப்பான் போன்ற மெல்லிய முனையால் சாம்பல் நிறப் பாறையிலிருந்து ஒரு தூள், பொந்தின் வெள்ளைப் படிகத்திலிருந்து தனியே ஒரு தூள் எடுங்கள். சாம்பல் பகுதியில் எஞ்சிய கால்சைட் இருந்தால் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஊறவைத்து முதலில் நீக்குங்கள். இரண்டும் வேறு வேறு எண்களைத் தந்தால், வெள்ளைப் படிகம் பிற்காலத்தில் பொந்தை நிரப்பிய விருந்தாளி. பாறையை மாற்றிய நீரைத் தேட வேண்டிய இடம் சாம்பல் பகுதிதான். அந்த உருளைக் கல்லின் மேல் அடுக்குகளில் அன்ஹைட்ரைட் உண்டா, பக்கத்துத் துளைகளில் அதே ஆழத்தில் சுண்ணாம்புக்கல்லா டோலமைட்டா என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து எழுதினால், மேலிருந்து இறங்கிய உப்புநீரா, அடியிலிருந்து ஏறிய நீரா என்ற அளவுக்காவது இன்னும் உறுதியாகப் பேசலாம்.